சுமைதாங்கிக் கல்லில் யார் பெயர்?

‘சிட்டிசன்ஃபோர்’ படத்தை மூன்றாவது முறை பார்த்தபோதுதான் கடைசியில் ஓடும் எழுத்துகளை முழுசாகப் படித்தேன். லாரா பாய்ட்ரஸ் எடுத்த ஆவணப்படம். 2014-இல் வெளியாகி அடுத்த ஆண்டு ஆஸ்கர் வாங்கியது. எட்வர்ட் ஸ்னோடன் ஹாங்காங் ஹோட்டல் அறையில் உட்கார்ந்து, அமெரிக்க உளவு நிறுவனம் உலகத்தையே ஒட்டுக்கேட்கும் கதையைப் பத்திரிகையாளர்களிடம் சொன்ன நாட்கள்தான் படத்தின் உயிர். கடவுச்சொல்லைத் தட்டும்போது தலைமேல் சிவப்புத் துணியைப் போர்த்திக்கொள்வாரே, அதை மறக்கவே முடியாது. இறுதி எழுத்துகளில் சில மென்பொருள்களின் பெயர்கள் வருகின்றன. அதில் ஒன்று டோர்.

ஒரே ஒரு சொல். ஆனால் டோரை மென்பொருள் என்று மட்டும் சொல்லி முடித்துவிட முடியாது.

டோர் வழியாக ஒரு தளத்தைத் திறந்தால், உங்கள் கோரிக்கை நேராக அங்கே போகாது. எங்கெங்கோ இருக்கும் மூன்று ரிலே சர்வர்கள் வழியாகக் கைமாறிப் போகும். முதல் சர்வருக்கு நீங்கள் எங்கிருந்து வருகிறீர்கள் என்று தெரியும், எங்கே போகிறீர்கள் என்று தெரியாது. கடைசி சர்வருக்குப் போகும் இடம் தெரியும், ஆளைத் தெரியாது. நடுவில் இருப்பதற்கு இரண்டுமே தெரியாது. இந்தச் சர்வர்களைப் பல நாடுகளில் தன்னார்வலர்கள் சொந்தப் பொறுப்பில் நடத்துகிறார்கள். கடைசியில் நிற்பது எக்ஸிட் ரிலே. போய்ச் சேரும் தளத்துக்குத் தெரிவது அதன் ஐபி முகவரி மட்டும்தான்.

இங்கேதான் படத்தோடு என் சண்டை ஆரம்பிக்கிறது. மறைவு என்றால் இருட்டு அறை, சிவப்புத் துணி, ரகசிய மின்னஞ்சல் என்று படம் நம்மைப் பழக்குகிறது. அது ஒரு சாகசக்காரரின் திறமை போலத் தெரிகிறது. யோசிச்சுப் பார்த்தா விஷயம் நேர் எதிர். ஒருத்தர் பெயரில்லாமல் நடக்க வேண்டுமென்றால், இன்னொருத்தர் பெயரோடு நிற்க வேண்டியிருக்கிறது. ரிலேக்களின் முகவரிப் பட்டியல் பொதுவில் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். சர்வர் வாடகை ரசீதில் நடத்துபவரின் பெயர் இருக்கிறது. புகார் வந்தால் அந்தப் பெயருக்குத்தான் வரும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், ஸ்னோடனே ஒரு ரிலே நடத்தியவர். 2012 டிசம்பரில், ஹவாயில் வேலை பார்த்தபோது, ஹோனலூலுவில் ஒரு சின்னக் கூட்டத்தில் சாதாரண ஜனங்களுக்கு மறையாக்கம் பற்றி வகுப்பெடுத்தார். அப்போதே எக்ஸிட் ரிலே நடத்திக்கொண்டிருந்தார் என்றும், டோர் ஸ்டிக்கர்கள் கேட்டு எழுதினார் என்றும் 2014 மே மாதம் செய்தி வந்தது. படம் வெளிவந்தது அக்டோபரில். உலகத்தை உலுக்கிய மனிதரைப் படம் நமக்குக் கொடுத்தது. ஸ்டிக்கர் கேட்ட தன்னார்வலரை விட்டுவிட்டது.

அந்தத் தன்னார்வலர்களுக்கு என்ன நடக்கிறது? ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் எக்ஸிட் ரிலே நடத்திய ஓர் இளைஞரின் வீட்டுக்குள் 2012-இல் போலீஸ் நுழைந்தது. அவருடைய சர்வர் வழியாக யாரோ அனுப்பிய குற்றப் பொருளுக்கு உடந்தை என்று 2014-இல் தீர்ப்பு, தண்டனை நிறுத்திவைக்கப்பட்டது. மாஸ்கோவில் எக்ஸிட் ரிலே நடத்திய ஒரு கணித ஆசிரியர் 2017 ஏப்ரலில் கைதானார். அவர் முகவரியிலிருந்து கலவரத்துக்கு அழைக்கும் பதிவுகள் வந்தன என்பது புகார். நான் எழுதவில்லை என்றார். சிறை, பிறகு வீட்டுக் காவல். 2018 மே மாதம்தான் வழக்கு கைவிடப்பட்டது. டோர் வழியாக மோசமானவையும் போகத்தான் செய்கின்றன. யார் போகிறார்கள் என்று பார்க்க முடியாததால் தடுக்கவும் முடியாது. பார்க்க முடிந்தால் அது டோரே இல்லை.

நான் நடத்துவது நடு ரிலே. புகார் வராத இடம் என்று நம்பித்தான் ஒரு வெளிநாட்டு நிறுவனத்தில் சின்ன சர்வர் எடுத்தேன். 2024 அக்டோபர் கடைசியில் மின்னஞ்சல் வந்தது: உங்கள் சர்வர் மற்றவர்களின் கணினிகளைத் துழாவுகிறது, 24 மணி நேரத்தில் விளக்கம் வேண்டும். பிறகுதான் தெரிந்தது, யாரோ டோர் ரிலேக்களின் முகவரிகளைப் போலியாகப் போட்டுத் துழாவியிருக்கிறார்கள். ரிலேக்கள் மேல் புகார் குவிய வேண்டும் என்பதே நோக்கம். என்னைப் போலப் பலருக்கும் இதே மின்னஞ்சல். நவம்பர் முதல் வாரத்தில் மூலத்தைக் கண்டுபிடித்து நிறுத்தினார்கள். அதுவரைக்கும் என் சர்வர் முடக்கத்தில் கிடந்தது.

அண்ணன் கேட்டார்: “யாரு போறான் வர்றான்னே தெரியாதுங்கிற. நாளைக்கு ஒண்ணுன்னா உம்பேரைத்தானடா கேப்பாங்க?”

பதில் சொல்லத் தெரியவில்லை. எங்கள் ஊர்ச் சாலையோரம் இருந்த சுமைதாங்கிக் கல்தான் ஞாபகம் வந்தது. தலைச்சுமையை இறக்கிவைத்து இளைப்பாறுகிறவர் பெயரை அது கேட்காது. மூட்டைக்குள் என்ன என்றும் கேட்காது. கல்லில் வெட்டியிருப்பது அதை நிறுத்திய குடும்பத்தின் பெயர்.

இதை எப்படிப் படமாக எடுப்பது என்று கேட்கலாம். நியாயம். ரிலே நடத்துபவரின் நாளில் ஒன்றும் நடக்காது. யாருக்கு உதவினார் என்று அவருக்கே தெரியாது. ஆனாலும் ஒரு காட்சி இருக்கிறது. அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் லெபனான் என்ற சின்ன ஊர். அங்குள்ள கில்டன் நூலகம் 2015-இல் ஒரு டோர் ரிலேயை ஓடவிட்டது. உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை உள்ளூர் போலீசிடம் சொல்ல, போலீஸ் நூலகத்திடம் பேச, ரிலே நிறுத்தப்பட்டது. செப்டம்பர் 15 அன்று நூலக நிர்வாகக் குழு கூடியது. ஊர்க்காரர்கள் வந்து பேசினார்கள். ரிலே மறுபடி ஓடட்டும் என்று முடிவானது. வாசகர் என்ன படிக்கிறார் என்பதை யாரிடமும் சொல்லாத ஓர் இடம், அதே வழக்கத்தை இன்னொரு வகையில் தொடர்ந்தது. துணிச்சல் தனி ஆளின் தோளிலிருந்து இறங்கி ஊர் முழுக்கப் பரவிய அந்தச் சாயங்காலம், எனக்கு ஹோட்டல் அறையைவிடப் பெரிய காட்சி.

‘சிட்டிசன்ஃபோர்’ நல்ல படம்தான், நாலாவது முறையும் பார்ப்பேன். அதைக் குறை சொல்லும் நானும் எக்ஸிட் ரிலே நடத்தவில்லை. பயம்தான் காரணம், வேறொன்றுமில்லை. ரிலேயின் அமைப்புக் கோப்பில், தொடர்பு கொள்ள யாரை அணுகுவது என்று ஒரு வரி உண்டு. அங்கே எழுதுவது பட்டியலில் எல்லோருக்கும் தெரியும். ஆரம்பத்தில் அதை வெறுமையாக விட்டிருந்தேன். முடக்கம் நீங்கி சர்வர் திரும்பிய இரவு, அங்கே என் பெயரையும் மின்னஞ்சலையும் எழுதினேன். அண்ணனிடம் இன்னும் சொல்லவில்லை.