படுதா இறக்கிய பாணி

நம் திருவனந்தபுரம் கார் சங்கத்து வெள்ளி விழா மலருக்கு ஏதாவது எழுதித் தரவேண்டும் என்று செயலாளர் இரண்டு தடவை போன் செய்தார். மூன்றாவது தடவை தலைவர் அண்ணாச்சியே பேசினார். அவர் சொல்லைத் தட்டிப் பழக்கமில்லை. தலைப்பையும் அவரே கொடுத்தார்: ரோட்ஸ்டர் ஓட்டும் பாணிகளும் அவற்றின் தரமும். இரண்டு சீட்டு, தலைக்கு மேல் வானம். உறுப்பினர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

கூரை போட்ட வண்டிக்காரர்கள் மன்னிக்கவும். திருவிதாங்கூர் அரச குடும்பத்து உத்திராடம் திருநாள் தம்புரானின் 1955 பென்ஸ், சி.ஏ.என். 42 என்ற எண் வண்டி, கூரை போட்டதுதான். ஆனால் அதைக் கண்ணாடிக் கூண்டில் வைத்துக் கும்பிடாமல் லட்சக்கணக்கான மைல் ஓடவிட்டார் அவர். ஓடுகிற வண்டிக்குக் கூரை இருந்தால் பொறுத்துக்கொள்வேன். ஓடாத வண்டியைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

ஆதி பாணி இங்கிலீஷ் பாணி. எம்.ஜி., டிரயம்ப், மார்கன். விறைத்த ஸ்பிரிங், ரோட்டில் ஒரு மாங்கொட்டை கிடந்தாலும் முதுகெலும்புக்குச் செய்தி வந்துவிடும். இத்தாலிப் பாணியில் எஞ்சின்தான் வாய்ப்பாட்டு. 1966-இல் வந்த ஆல்ஃபா ஸ்பைடர், ஃபியட் 124 ஸ்பைடர் இரண்டுக்கும் உடல் வரைந்தது ஒரே பினின்ஃபரீனா கம்பெனி. அழகைப் பற்றிச் சண்டையில்லை. சங்குமுகம் கடற்கரை உப்புக்காற்றில் அந்தத் தகரம் எத்தனை நாள் தாங்கும் என்பதில்தான் சண்டை. ஜெர்மன்காரர்கள் 1996-இல் பென்ஸ் எஸ்.எல்.கே. கொண்டுவந்தார்கள். பொத்தானை அமுக்கினால் இரும்புக்கூரையே மடிந்து டிக்கிக்குள் போய்விடும். கெட்டிக்காரத்தனம்தான், பெட்டியை மடியில் வைத்துக்கொள்ளச் சம்மதமென்றால்.

மூத்தவர்கள் கோபிக்கக்கூடாது, ஒன்று சொல்கிறேன்: இந்தப் பரம்பரை அறுந்துபோகாமல் காத்தவர்கள் ஜப்பான்காரர்கள். 1989-இல் மாஸ்டா கம்பெனி பழைய லோட்டஸ் எலானை மனதில் வைத்து, எண்ணெய் ஒழுகாத ஒரு சின்ன வண்டி செய்தது. குதிரையும் குதிரைக்காரனும் ஓருடல் என்று பொருள்படும் ‘ஜின்பா இத்தாய்’ என்பது அவர்கள் மந்திரம். 2016-இல் அந்த மாடலில் பத்து லட்சமாவது வண்டி வெளியே வந்தது. நம் நாட்டில் கோவாவிலிருந்து சான் ஸ்டார்ம் ரோட்ஸ்டர் வந்ததே, ஃபைபர் உடலும் 1149 சி.சி. ரெனோ எஞ்சினும். அதைக் கேலி செய்கிறவர்கள் பெரும்பாலும் அதில் ஏறி உட்காராதவர்கள்.

இனி எங்கள் கரமனைப் பாணி. எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்த ஆசானைப் பற்றி எழுத ஒரு மலர் போதாது. அவர் கையிலிருந்தது ஓர் எஸ்டேட் துரையிடமிருந்து வந்த எம்.ஜி. டி.சி. 1250 சி.சி., இரண்டு எஸ்.யு. கார்புரேட்டர், 19 அங்குலக் கம்பிச் சக்கரம். முழங்கையை வெளியே விடுவதற்காகவே கதவு தாழ்வாகச் சரிந்திருக்கும். குதிரைத்திறன் 54. இன்றைய சாதாரண மாருதியே அதை முந்திப் போகும். ஆனால் டி.சி.யில் நாற்பது மைல் போகிறபோது உடம்பு முழுக்க நாற்பது மைல் போகும்.

ஆசானிடம் முதல் மூன்று மாதம் ஸ்டீயரிங் கிடையாது. பக்கத்து சீட்டில் உட்காரவைத்துத் தன் தோர்த்துத் துண்டால் என் கண்ணைக் கட்டிவிடுவார். நாகர்கோவில் பாதையில் போகும்போது, “இப்போ எங்க இருக்கோம், சொல்லுடே” என்பார். பாலராமபுரத்தில் சாலியர் தெரு வழியாக விட்டால் தறிச்சத்தம். நாகர்கோவிலையும் தாண்டித் தோவாளை வந்தால் பூ வாசனை. ஆரல்வாய்மொழிக் கணவாயில் சொல்லவே வேண்டாம், காற்று கன்னத்தில் அறையும். மூடிய காரில் இவையெல்லாம் வெறும் பெயர்ப்பலகைகள். அடுத்த பாடத்தில் அதே தோர்த்து மீட்டர்கள்மேல் ஏறும். எஞ்சின் சத்தத்தைக் கேட்டே கியர் மாற்றவேண்டும். டி.சி.யில் முதல் கியருக்கு சிங்க்ரோ கிடையாது. ஓட்டத்தில் அதற்கு இறங்க டபுள் கிளட்ச், அதாவது கிளட்சை இரண்டு தடவை மிதிப்பது, வேண்டும். ஆசானோ நாலு கியருக்கும் அப்படியே செய்யச் சொல்வார். கியர்ப் பல்லில் ஒரு ‘கர்’ கேட்டால் வண்டியை ஓரங்கட்டிவிட்டுச் சாயாக்கடைக்குப் போய்விடுவார். நான் ஒரே நாளில் ஒன்பது சாயா வாங்கிக்கொடுத்தது உண்டு. அரங்கேற்றம் பொன்முடி மலைப்பாதையில், 22 கொண்டை ஊசி வளைவும் ‘கர்’ இல்லாமல்.

இப்போது நடப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. யாரையும் குறிப்பிட்டுச் சொல்லவில்லை. எல்லோரும் நம் பிள்ளைகள், நல்ல பிள்ளைகள். ஆனால் சங்க அணிவகுப்புக்கு வண்டியை ரிக்கவரி வண்டியில் ஏற்றிக்கொண்டு வருவது எந்தப் பாணி? கவடியாரிலிருந்து மியூசியம் அவ்வளவு தூரமா? கல்யாணப் பெண்ணைக்கூட இப்படி யாரும் தூக்கிவருவதில்லை. இறக்கி, துடைத்து, போட்டோ எடுத்து, திரும்ப ஏற்றி, வீட்டில் போர்வை போர்த்திவிடுகிறார்கள். படுதாவை மேலே போட்டுக்கொண்டு ஏ.சி.யில் வருகிற ரோட்ஸ்டரையும் பார்த்தேன். 1935-இல் டாட்டா கம்பெனி இந்த ஊருக்கு முதன்முதலாகக் கொண்டுவந்த பாக்ஸ் மாத் விமானத்தில், மூடிய அறை பயணிகளுக்கு. பைலட் பின்னால் திறந்த காற்றில் உட்கார்ந்து ஓட்டினார். ஓட்டுகிறவன் இடம் எது என்பது அன்றைக்குத் தெரிந்திருக்கிறது. இன்றைக்குக் காற்று என்றாலே பயம். என் தெருவில் திண்ணைகளுக்குக் கம்பி அடித்தார்கள், கம்பிக்குக் கண்ணாடி போட்டார்கள், இப்போது கண்ணாடிக்குத் திரை. பிள்ளைகளுக்கு வாடைக்காற்று எது, கடற்காற்று எது என்று தெரியவில்லை. இதெல்லாம் ரிக்கவரி வண்டியில் தொடங்கியது என்று நான் அடித்துச் சொன்னால் செயலாளர் சிரிப்பார். சிரிக்கட்டும். பக்கம் தீர்ந்துவிட்டது என்று அவர் முகத்திலேயே தெரிகிறது.

ஆசானோடு கடைசியாகப் பொன்முடி போனது ஓர் இடவப்பாதி மழைக்காலத்தில். அவருக்கு எண்பது தாண்டியிருந்தது. இறங்கி வரும்போது கல்லாறு அருகே தூறல் பிடித்தது. “படுதாவைப் போடட்டுமா ஆசானே?” என்றேன். “ஓடுற வண்டிக்குள்ள மழை விழாதுடே, விடு” என்றார். உண்மைதான், முன்கண்ணாடியில் பட்ட காற்று மழையைத் தூக்கித் தலைக்கு மேலாகப் பின்னால் எறிந்துவிடும், வேகம் இருக்கிற வரைக்கும். விதுரைக்கு முன்னால் ஓர் ஆனைவண்டி, அதாவது அரசு பஸ், குறுக்கே கிடந்து உருளத் தொடங்கியது. அதன் பின்னால் நடைவேகம். மழை நேராக எங்கள் மடியில் கொட்டியது. ஆசான் தோளிலிருந்த தோர்த்தை எடுத்தார். தலையில் போட்டுக்கொள்வார் என்று நினைத்தேன். குனிந்து, மீட்டர்கள்மேல் விரித்து, ஓரங்களை நன்றாகச் செருகினார். செருகிவிட்டு, “செகண்டுக்குப் போ, கேட்டுக்கிட்டே போ” என்றார்.