இடிந்த சுவரும் உடையவரும்

நகரப்போரை மாதிரியாக அமைப்போர்க்கு இடிந்த சுவரே முதற்பாடம். 35இல் 1 என்னும் அளவில் மனிதன் ஏறத்தாழ 5 சென்ரிமீற்றர் உயரமாகின்றான். செங்கல் பயற்றளவாய்ச் சுருங்குகின்றது. இச்சிறு பொருள்களிற் பெருந்துயரைக் காட்டுதலே இக்கலையின் அருமை.

இதன் பெருவடிவை வொல்கோகிராட் நகரில், 1982இல் திறக்கப்பெற்ற காட்சிக்கூடத்திற் காணலாம். 16 மீற்றர் உயரமும் 120 மீற்றர் நீளமுங் கொண்ட வட்ட ஓவியத்திரை. அதன் முன்னே இடிபாடுகளும் போர்க்கருவிகளும். ஓவியம் முடிந்து பொருள் தொடங்கும் இடம் அறியாது கண் மயங்கும். ஸ்டாலின்கிராட் போரின் இறுதிக்கட்டம், 1943 சனவரி, அங்கே வெற்றிக்காட்சியாய் விரிகின்றது. எனினும் காட்சியின் தலைமை படைவீரர்க்கே உரியது. 1942 ஆகஸ்ட் 23ஆம் நாட் குண்டுமழையில் மடிந்த நகரத்தாரை அது முதன்மைப்படுத்தவில்லை.

அருகே, குண்டுபட்ட மாவாலையொன்று பழுதுபார்க்கப்படாமலே நிற்கின்றது. வண்ணமுமில்லை, வீரருமில்லை. ஊருக்கு உணவளித்த சுவர் அஃது என்னும் நினைவே நெஞ்சைச் சுடுகின்றது.

போரன்றாயினும், 2018 மார்ச்சில் கண்டியை அடுத்த திகனவில் வீடுகளும் கடைகளும் எரியக் கண்டோர்க்கு இவ்வுண்மை புதிதன்று: ஒவ்வொரு சுவருக்கும் உடையவர் உளர். அவரை மறந்து அமைக்கும் மாதிரி கைத்திறனாகும், கலையாகாது.