கடைசி அத்தியாயத்துப் பைத்தியம்

தொடர்கதைகளில் சுவீகாரக் குழந்தைக்கு நல்ல கதி கிடைப்பது அபூர்வம். பதினெட்டு வயது வரை பெண் சமர்த்தாக வளர்வாள். கல்யாணப் பேச்சு எடுத்ததும் யாரோ ஒரு கிழவி வந்து, பெற்றவளுக்குச் சித்தப்பிரமை என்று சொல்லிவிட்டுப் போவாள். அடுத்த இதழில் பெண் கூந்தலை விரித்துப் போட்டுக்கொண்டு சிரிப்பாள். "தாயைப் போல பிள்ளை" என்று வாசகரும் தலையை ஆட்டிவிடுவார்.

இது நம்மவர்கள் மட்டும் செய்கிற காரியமல்ல. 1847-இல் சார்லட் பிராண்டி எழுதிய 'ஜேன் அயர்' நாவலில், மாடியில் பூட்டி வைக்கப்பட்ட பெர்த்தாவுக்குப் பைத்தியம் தாய்வழி வந்தது என்கிறார் அவள் கணவர். (அவர் தம் கட்சியைத்தானே சொல்லுவார்!) அதே வீட்டில் அடேல் என்று ஒரு சிறுமி, ஆட்டக்காரியான தாய் கைவிட்டுப் போன குழந்தை. தாயின் மினுக்கெல்லாம் அவளிடமும் உண்டு. ஆனால் நல்ல பள்ளிக்கூடமும் ஜேனுடைய கவனிப்பும் அவளை மாற்றிவிடுகின்றன. ஒரே கூரையின் கீழ் ஒருத்திக்கு ரத்தம் விதி, மற்றவளுக்கு வளர்ப்பு விதி! ஆசிரியை இந்த முரணைக் கவனித்ததாகவே தெரியவில்லை. 1966-இல் ஜீன் ரைஸ் தமது 'வைட் சர்காஸோ ஸீ' நாவலில் பெர்த்தாவையே பேச வைத்தார். வீடு எரிந்து, மகனையும் பறிகொடுத்த பிறகுதான் அந்தத் தாய்க்குச் சித்தம் கலங்கியது என்று அதில் தெரிகிறது.

அதே 1966-இல் ஹெஸ்டன் என்ற மருத்துவர் அமெரிக்காவில் எடுத்த ஒரு கணக்கை வெளியிட்டார். மனச்சிதைவு கண்ட தாய்மாருக்குப் பிறந்து, சில நாட்களிலேயே பிரிக்கப்பட்டு வேறிடங்களில் வளர்ந்த 47 பேரில் 5 பேருக்கு அந்நோய் வந்தது. ஒப்பிட்டுப் பார்த்த 50 பேரில் ஒருவருக்கும் இல்லை. ஆகவே ரத்தத்துக்குப் பங்கே இல்லை என்று வாதாட முடியாது. ஆனால் மற்ற 42 பேர்? அவர்களுக்கு நம் கதைகளில் இடமே இல்லை. பிற்பாடு பின்லாந்தில் தியனாரி குழுவினர் ஆராய்ந்தபோது, அத்தகைய தாய்க்குப் பிறந்தவர்களுக்கும் அமைதியான வளர்ப்பு வீட்டில் அபாயம் குறைவாகவும், சச்சரவுள்ள வீட்டில் மிகுதியாகவும் இருந்தது.

போடிநாயக்கனூரில் எனக்கு ஒரு வாசகி உண்டு. ஜீப்பில் மலையேறி ஏலக்காய் எடுக்கப் போகிறவள். தூரிலிருந்து பிரித்து நட்ட கன்றுதான் தாய்ச்செடி போலவே வரும், விதை நாற்று ஒன்றைப் போல் ஒன்று இராது என்பது அவளுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். மனநோய் கண்ட நாத்தனாரின் மகளை அவள்தான் வளர்க்கிறாள். "புள்ள தனியாப் பேசிச் சிரிச்சாலே வயித்தைக் கலக்குது சார்" என்றாள். எட்டு வயதுக் குழந்தை சொப்பு வைத்து விளையாடும்போது பேசிச் சிரிக்காமல் என்ன செய்யும்? பெற்றவளைப் பற்றி எந்த வயதில், எப்படிச் சொல்வது என்றும் கேட்டாள். அதற்கென்று அவள் கையில் கொடுக்க ஒரு தொடர்கதையும் எனக்கு அகப்படவில்லை.