பொன் அரித்தோரும் துணி வெளுத்தவளும்

பொன்வேட்டையின் புகழ் பாடும் ஏடுகள் ஏராளம். 1848 சனவரியில் கலிபோர்னியாவின் ஆற்று மணலிலே பொன்துகள் மின்னியது. செய்தி பரவியதும் கடல் கடந்தும் மலை கடந்தும் ஓடி வந்தது ஆடவர் கூட்டம். அவர்தம் வீரத்தை எழுதிய கைகள் பல. அந்தக் குடியிருப்புகளிலே அழுக்குத் துணி வெளுத்தவள் யார் என்று எழுதிய கைகள் எத்தனை?

எழுதினார் ஒருவர்; லூயிஸ் கிளாப் அம்மையார். மருத்துவரான கணவருடன் ஃபெதர் ஆற்றங்கரையில் ரிச் பார், இந்தியன் பார் என்னும் இடங்களில் வாழ்ந்து, 1851, 1852 ஆம் ஆண்டுகளில் உடன்பிறந்தாளுக்கு அவர் தீட்டிய 23 மடல்கள், 'ஷெர்லி' என்ற புனைபெயரோடு 1854-55 இல் சான்பிரான்சிஸ்கோ இதழொன்றில் வெளிவந்தன.

படித்துப் பாருங்கள், தோழர்களே! மெழுகுவத்திப் பெட்டிதான் அவருடைய நூலகம். அதிலே ஷேக்ஸ்பியரும் ஷெல்லியும்! பனி வழியை அடைத்துவிட்டால் மாவும் உப்பு மீனும் கெட்டுப்போன பன்றி இறைச்சியும்தான் உணவு. ஒருமுறை தாமே ஒரு தட்டு மண்ணை அரித்தார். கிடைத்தது 3 டாலர் 25 சென்ட். கிழிந்தது உடை, பிடித்தது சளி, தொலைந்தது விலையுயர்ந்த மார்பூசி!

சிரிக்க வைத்த அதே கை, ஒரு சாவையும் எழுதுகிறது. நான்கே நாள் நோயில் மாண்டாள் ஒரு தாய். வெண்ணெய்த் தொட்டிகள் இரண்டின்மேல் பலகையிட்டு உடலைக் கிடத்தினர். சவப்பெட்டியின்மேல் போர்த்தத் துணியில்லை. அருகிலிருந்த சூதாட்ட மேசையின் விரிப்பை இரவல் வாங்கினர். பொன் விளைந்த பூமியிலே, தாய்க்குக் கிடைத்த இறுதிப் போர்வை சூதாடியின் இரவல்! இந்த ஓர் இடத்துக்காகவே இம்மடல்களை மாணவர் கையில் கொடுப்பேன்.

இன்னொரு பெண்ணைப் பற்றிய பேச்சும் வருகிறது. துணி வெளுத்தே ஒன்பது வாரத்தில் 900 டாலர் ஈட்டியவள் அவள். "ஈட்டினாள்" என்றா புகழ்கிறான் அங்கிருந்த ஆடவன்? "கணவனுக்கு ஈட்டித் தந்தாள்" என்று புகழ்கிறான். மனைவியென்றால் அவளல்லவோ மனைவி என்கிறான்! 1849 இல் வகுத்த கலிபோர்னிய அரசமைப்பு, மணத்துக்கு முன் இருந்த உடைமையையும், பின்னர்க் கொடையாகவும் மரபுரிமையாகவும் வந்ததையும் மனைவியின் தனிச்சொத்து என்று ஒப்பியது. தொட்டியடியில் முதுகொடிய உழைத்துப் பெற்ற கூலி அப்பட்டியலில் இல்லை.

ஷெர்லி இதைக் கேலியாக எழுதுகிறார், நன்று. அவர் கேலி அத்துடன் நிற்கவில்லையே! பாவாடையைக் குறைத்து உள்ளே காற்சட்டை அணிந்த அந்நாளைய உரிமைப் பெண்களையும் அதே எழுதுகோல் ஏளனம் செய்கிறது. நாணம் போயிற்றாம், நளினம் போயிற்றாம்! கோவேறு கழுதைமேல் மலைப்பாதை கடந்து வந்தவரா இப்படி எழுதுவது? 1852 கோடையில் ஸ்பானிய மொழி பேசியோரைச் சவுக்காலடித்தபோது, ஓசை கேளாதிருக்க முகத்தைச் சால்வையால் மூடிக்கொண்டதாக எழுதுகிறார். கொடுமையைக் கண்டித்தார், உண்மை. தம் இனத்தின் அடிமைத்தனத்தைக் கண்டிக்கும் வேளையில்தான் எழுதுகோல் நழுவுகிறது.

1857 இல் அவர் மணவிலக்குப் பெற்றார். சான்பிரான்சிஸ்கோ பள்ளிகளில் ஆசிரியராகப் பல்லாண்டு உழைத்துத் தம் சோற்றைத் தாமே உண்டார். அந்த இல்லறத்தின் கசப்புக்கு மடல்களிலே சுவடு உண்டா என்று இருமுறை தேடினேன், எனக்கு அகப்படவில்லை.