நிலம் மயங்காமை: இணையவழி இயற்கைக் கல்வி குறித்த ஒரு திறனாய்வு

பூவும் புள்ளும் தமக்குரிய நிலம் கடந்து பிற நிலத்தில் வரலாம் என இசையும் தொல்காப்பியர், நிலம் மயங்குவதை ஏற்பதில்லை. கருப்பொருள் பெயரலாம், முதற்பொருளாகிய நிலம் பெயராது. செய்யுளுக்குரிய இவ்வரையறையைக் கல்விக்குப் பொருத்துவது தகுமா என வினவலாம். ஆயினும் பெருந்தொற்றுக் காலத்தில் இயற்கைக் கல்வி திரைக்குப் பெயர்ந்தபோது இழந்தது எது என்பதை இதைவிடத் தெளிவாகச் சுட்டும் கருவி வேறில்லை.

2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டன. ஜூன் 12 அன்று மேட்டூர் அணை, எட்டு ஆண்டுகளுக்குப் பின், உரிய நாளில் திறக்கப்பட்டது. நீடாமங்கலத்தை அடுத்த மூணாறு தலைப்பில் வெண்ணாற்றிலிருந்து கோரையாறும் பாமணியாறும் பிரிகின்றன. அவ்வாறுகளின் வாய்க்கால்கள் நிறைந்து குறுவைப் பணிகள் நடந்த பருவத்தில், ஜூலையில், கல்வித் தொலைக்காட்சியில் பாடங்கள் தொடங்கின. நீலகிரிக்கும் டெல்டாவுக்கும் ஒரே ஒளிப்பதிவு. அதில் நாரையும் நெல்லும் இடம்பெறலாம். எந்த மடையருகே, எந்தப் பொழுதில் என்ற வினாவுக்கு இடமில்லை. பிழை திரையினுடையதன்று. வாசலில் வயல் இருக்கும் மாணவரை அவ்வயலுக்கு அனுப்பாத பாட அமைப்பினுடையது.

இதற்கு மாறான சான்று 2015 முதல் நடைபெறும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு. பதினைந்து நிமிடமேனும் ஓரிடத்தில் பறவைகளை நோக்கி ஈபேர்ட் தளத்தில் பதிய வேண்டும். இடம், தொடங்கிய நேரம், கால அளவு ஆகியன இன்றி அப்பட்டியல் நிறைவுறாது. அதாவது, முதற்பொருளைக் கேட்கும் இணையக் கருவி இது. 1999இல் சரணாலயமாகி 2022இல் ராம்சர் தகுதி பெற்ற வடுவூர் ஏரிக்குச் செல்ல இயலாத மாணவரும் தம் தெரு வாய்க்கால் கரையில் நின்று இதனைச் செய்யலாம்.

குறையும் உண்டு. ஏர் ஓடும்போது கொக்கு பின்தொடர்வது ஏன் என்பதை உழவர் வீட்டுப் பிள்ளை அறியும். பட்டியல் கேட்பதோ இனமும் எண்ணிக்கையுமே. குறிப்பெழுத இடமிருப்பினும் அது கட்டாயமன்று. மேலும், மருதத்தின் சிறுபொழுது வைகறையும் விடியலும். வீட்டின் ஒரே கைபேசி அப்பொழுதில்தான் தந்தையோடு வயலுக்குப் போய்விடும் குடும்பங்கள் உண்டு. கலப்புக் கற்றல் பேசும் திட்ட வரைவாளர் இதனை எண்ணுவதாகத் தெரியவில்லை.

விடியலில் கண்டதைக் குறிப்பேட்டில் எழுதி மாலையில் பதிவேற்றத் தடையேதுமில்லை. 2021 அக்டோபரில் தொடங்கப்பெற்ற இல்லம் தேடிக் கல்வியின் மையங்கள், மாலை 5 முதல் 7 மணிக்குள், குடியிருப்புப் பகுதியிலேயே கூடின. கற்றல் இழப்பை ஈடுசெய்வதே அத்திட்டத்தின் நோக்கம். இழந்தவற்றுள் வாய்க்கால் கரையையும் சேர்த்து எண்ணியிருந்தால், தன்னார்வலரின் கைபேசி ஒன்றே அதற்குப் போதுமானதாயிருந்திருக்கும்.