அரிவாளணுச் சோகை: நீலகிரியின் ரத்தமும் நோயறிவின் அரசியலும்

கூடலூரிலிருந்து ஊட்டிக்கு ஏறும் பேருந்தில் நடுவட்டம் தாண்டியதும் குளிர் சட்டென்று உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும். போன மழைக்காலத்தில் அப்படி ஒரு நாள். எனக்கு முன்னிருக்கையில் ஒரு பையன், பதினேழு பதினெட்டு வயதிருக்கலாம், முழங்கால் இரண்டையும் கட்டிப்பிடித்துக் குறுகி உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் அவன் அம்மா. என்னம்மா ஆச்சு என்று கேட்டதற்கு, "எலும்புக்குள்ள வலிக்குதுங்கிறான் சார். சிக்கிள் செல்லுனு எழுதிக் குடுத்திருக்காங்க. மேல போய்ப் பாத்துக்கோனு சொல்லிட்டாங்க" என்றார். கொஞ்சம் விட்டு அவரே சொன்னார்: "தோட்டத்து மேஸ்திரி நம்ப மாட்டேங்கிறாரு. வேலைக்கு டிமிக்கி குடுக்கிறானாம்."

'மேல போ' என்கிற அந்த இரண்டு வார்த்தைகளில் எனக்குப் பல நாள் வேலை இருந்தது. சிவப்பணுவுக்குள் இருக்கும் ஹீமோகுளோபின் பிராணவாயுவை ஏந்திச் செல்வது. இந்த நோயில் அது சற்றே மாறிய வகை. பிராணவாயுவை இறக்கிவிட்டதும் அதன் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கம்பி கம்பியாக நீள்கின்றன. வட்டமாக நெகிழ்ந்து போகவேண்டிய அணு, கதிர் அறுக்கும் அரிவாள் மாதிரி வளைந்து விறைத்து, நுண்குழாய்களில் சிக்கி அடைக்கிறது. அடைபட்ட இடத்துக்கு ரத்தம் போகாது. அதுதான் அந்த வலி. எப்போது இது அதிகமாகும்? உடம்பில் நீர் வற்றும்போது, குளிரும்போது, காய்ச்சல் வரும்போது, அளவுக்கு மீறி உழைக்கும்போது, காற்றில் பிராணவாயு குறையும்போது. கூடலூர் கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 1000 மீட்டர். ஊட்டி 2200 மீட்டருக்கும் மேல். கூடலூரில் அரசு மருத்துவமனை உண்டு, ஆதிவாசிகளுக்கென்றே 1990இல் தொடங்கிய மருத்துவமனையும் உண்டு. அதற்கு மேல் ஏதாவது என்றால் ஊட்டி, இல்லாவிட்டால் கோவை. 2025 ஏப்ரலில் ஊட்டியில் 700 படுக்கைகளோடு பெரிய மருத்துவக்கல்லூரி மருத்துவமனை திறந்தாயிற்று. நல்ல விஷயம்தான். ஆனால் நோய் கீழே இருக்கிறது, வைத்தியம் மேலே இருக்கிறது. வலியில் இருக்கிறவனை ஐம்பது கிலோமீட்டர், மேலும் குளிர்ந்த மேலும் மெலிந்த காற்றுக்குள் ஏற்றிக்கொண்டு போகிறோம். மருத்துவப் பாடநூலே இதைத் தவிர்க்கச் சொல்கிறது. மாவட்டத் தலைநகரை எங்கே வைப்பது என்று 19ஆம் நூற்றாண்டில் வெயிலுக்குப் பயந்த வெள்ளைக்காரன் எடுத்த முடிவு இன்று ஒரு பணியர் பையனின் முழங்காலில் வந்து நிற்கிறது.

இந்தியாவில் இந்த நோயின் கதை இந்த மலையில்தான் தொடங்குகிறது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. 1952இல் ஹெர்மன் லெஹ்மன், மேரி கட்புஷ் என்ற இருவரும் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதிய கட்டுரைதான் இந்தியாவில் இம்மரபணுவைப் பற்றிய முதல் அறிவிப்பு. அவர்கள் பார்த்தது நீலகிரிப் பழங்குடிகளின் ரத்தத்தை. (அதே ஆண்டில் மேல் அஸ்ஸாம் தேயிலைத் தோட்டக் கூலிகளிடமும் இது கண்டறியப்பட்டது. ஒரிசா, பிகார் பக்கத்திலிருந்து தோட்டங்களுக்குக் கொண்டுபோகப்பட்டவர்கள் அவர்கள். நோயைக் கண்டுபிடித்த இரண்டு இடமுமே தேயிலை மணக்கிற இடங்கள் என்பது தற்செயலாக இருக்கலாம். அளந்து பார்க்கத் தோதாக மனித உடல்கள் வரிசையில் நிற்கிற இடங்கள் அவை என்பது தற்செயல் அல்ல.)

அந்தப் பிரதியை நாம் இன்று எப்படி வாசிப்பது? அதன் கேள்வி 'இவர்களுக்கு எங்கே வலிக்கிறது' என்பதல்ல. 'இவர்கள் யார், எங்கிருந்து வந்தார்கள்' என்பது. திராவிடருக்கு முந்தைய 'வெட்டாய்டு' என்றொரு இனம் உண்டென்று அக்கால மானுடவியல் வைத்திருந்த கற்பிதத்துக்கு ரத்தத்தில் சாட்சி கிடைத்துவிட்டது என்ற பரவசம் அதில் ஓடுகிறது. 1954இல் லெஹ்மன் இன்னும் ஒருபடி போய், தென்னிந்தியா, அரேபியா, கிழக்கு ஆப்பிரிக்கா மூன்றையும் இந்த ஒரு மரபணுவால் கோர்த்துக் கிழக்கு ஆப்பிரிக்கர்களின் பூர்வீகத்தையே எழுதினார். அந்தக் கட்டுரை வெளியான பத்திரிகையின் பெயர் யூஜெனிக்ஸ் ரிவ்யூ. நல்லின விருத்திக்காரர்களின் ஏடு. இதில் ஒரு விசித்திரம்: லெஹ்மன், ஹிட்லரின் ஜெர்மனியிலிருந்து தப்பி இங்கிலாந்துக்கு வந்த யூதர். தனிப்பட்ட முறையில் இனவாதி என்று அவரைச் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. ஆனால் இனம் என்ற கண்ணாடி இல்லாமல் பழங்குடி உடலைப் பார்க்கும் வழி அவர் காலத்து அறிவுத்துறையிடம் இல்லை. தனிமனித நோக்கத்தைத் தாண்டி இயங்குகிற ஒன்றைத்தானே நாம் சொல்லாடல் என்கிறோம்.

வெட்டாய்டு கதை பின்னால் கைவிடப்பட்டது. அதைக் கைவிட வைத்ததும் விஞ்ஞானம்தான், நாமல்ல. 1954இல் அந்தோணி அலிசன், இம்மரபணுவில் ஒன்றை மட்டும் பெற்றவர்களுக்குக் கொடிய மலேரியாவிலிருந்து பாதுகாப்புக் கிடைக்கிறது என்று காட்டினார். (ஹால்டேன் 1949லேயே இந்த மாதிரி யோசனையைத் தலசீமியாவுக்குச் சொல்லியிருந்தார்.) அதாவது இந்த மரபணு இனத்தின் முத்திரை அல்ல, மலேரியாக் காட்டில் வாழ்ந்ததன் தழும்பு. பெற்றோர் இருவரிடமிருந்தும் அதை வாங்கிய பிள்ளைகள் செத்தார்கள், ஒன்றை மட்டும் வாங்கியவர்கள் பிழைத்தார்கள். கூட்டம் தப்பியது.

இதை வயநாடு, கூடலூர் வரலாற்றோடு சேர்த்துப் படித்தால்தான் விஷயம் திறக்கும். 1880ஐ ஒட்டி தேவாலா, பந்தலூரில் தங்கம் கிடைக்கிறதென்று லண்டனில் கம்பெனிகள் முளைத்தன. சில வருஷத்தில் படுத்தன. தங்கம் போதவில்லை. காய்ச்சலும் ஆளை விடவில்லை. வயநாட்டுக் காய்ச்சல் என்றால் வெளியாட்களுக்கு அவ்வளவு பயம். அந்தக் காய்ச்சல்தான் வெகுகாலம் அக்காட்டுக்கு வேலியாக நின்றது. வேலிக்கு உள்ளே தாக்குப்பிடித்தவர்களில் பணியர், காட்டுநாயக்கர், குறும்பர் உண்டு. பிறகு டிடிடி வந்தது, 1953இல் தேசிய மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டம் வந்தது. காய்ச்சல் விலகியது, குடியேற்றம் பெருகியது. கேரளத்திலிருந்து வந்தார்கள், 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கை மலையகத்திலிருந்து பிடுங்கி எறியப்பட்ட நம்மவர்களும் வந்தார்கள். (அவர்களும் ஏழைகள்தான், அது வேறு துயரம்.) 1969இல் ஜன்மம் நில ஒழிப்புச் சட்டம் போட்டும் நிலம் யாருக்கு என்ற வழக்கு பல பத்தாண்டுகள் இழுத்தது. மொத்தத்தில் காட்டில் வாழ வைத்த மரபணு அவர்கள் உடம்பிலேயே தங்கிவிட்டது, காடு மட்டும் கைமாறிவிட்டது. பரிணாமத்தின் கூலியும் பாக்கி நிற்கிறது என்று சொல்லலாம்.

இனி அண்மைக்கால ஆய்வுகளுக்கு வருகிறேன். 1949இல் லினஸ் பாலிங்கும் சகாக்களும் இதை 'மூலக்கூறு நோய்' என்றார்கள். அந்தப் பெயரில் மனித வரலாற்றில் முதல் நோய் இது. சில ஆண்டுகளில் வெர்னன் இன்கிராம், ஒரேயொரு அமினோ அமிலம் மாறியதுதான் காரணம் என்று காட்டினார். காரணம் இவ்வளவு சுத்தமாகத் தெரிந்த நோய் வேறு அதிகமில்லை. ஆனால் வலிக்கு மருந்து? அரிவாளணுவுக்கென்று ஹைட்ராக்ஸியூரியாவை அமெரிக்கா அங்கீகரித்தது 1998இல். அதுவும் புற்றுநோய்க்கென்று இருந்த மாத்திரை. காரணம் தெரிந்ததிலிருந்து நிவாரணம் வரை ஐம்பது வருஷம். இந்த நோய் யாருக்கு வருகிறது என்று பார்த்தால் அந்த ஐம்பது வருஷத்தின் அர்த்தம் விளங்கும்.

அடுத்த சங்கதி இன்னும் சுவாரஸ்யமானது. பிறந்த குழந்தைக்கு இந்த நோய் உடனே தெரியாது. கருவில் சுரந்த வேறொரு ஹீமோகுளோபின் கொஞ்ச காலம் காப்பாற்றுகிறது. பிறகு அது குறைகிறது. இந்தியாவிலும் கிழக்கு அரேபியாவிலும் உள்ள நோயாளிகள் பலரிடம் அது பெரியவர்களான பிறகும் கூடுதலாகவே தங்கியிருக்கிறது என்பதும், அதனால் நோய் சற்றே தணிந்திருக்கிறது என்பதும் 1970, 80களில் கவனிக்கப்பட்டது. (இந்தத் 'தணிந்த' என்கிற வார்த்தை ரொம்ப ஆபத்து. இந்தியாவில் லேசாகத்தான் வரும் என்று சொல்லிச் சொல்லியே நம் நோயாளிகளை ஒதுக்கியாயிற்று. குழந்தைகளைப் பிறப்பிலிருந்து தொடர்ந்து பார்த்த நாக்பூர் ஆய்வுகள் அது எல்லோருக்கும் லேசல்ல என்று காட்டின.) அந்தக் கருக்கால ஹீமோகுளோபினை அணைத்து வைக்கும் சுவிட்ச் பிசிஎல்11ஏ என்ற மரபணு என்று 2008இல் கண்டுபிடித்தார்கள். 2023 டிசம்பரில் அமெரிக்கா அனுமதித்த காஸ்ஜெவி என்ற மரபணுத் திருத்தச் சிகிச்சை செய்வது இதைத்தான்: நோயாளியின் எலும்பு மஜ்ஜை அணுக்களை வெளியே எடுத்து அந்தச் சுவிட்சைக் கிரிஸ்பர் கத்தரியால் வெட்டி உள்ளே விடுவது. விலை 22 லட்சம் டாலர். நம் காசில் ஏறக்குறைய 18, 19 கோடி. அதற்கு முன் கடுமையான கீமோதெரபி, பல வாரம் மருத்துவமனை வாசம். ஆக, பழங்குடி உடல்களில் இயற்கை இனாமாக அரைகுறையாகச் செய்துவைத்திருந்ததைப் பார்த்துக் கற்றுக்கொண்டு, அதை முழுதாகச் செய்து, அவர்கள் கனவில்கூட வாங்க முடியாத விலைக்கு விற்கிறது மூலதனம்.

இந்த இடத்தில் நம் ஆட்களிடமும் கொஞ்சம் சண்டை போட வேண்டியிருக்கிறது. ஃபூக்கோவையும் இலிச்சையும் நாலு பக்கம் படித்துவிட்டு, நவீன மருத்துவமே கண்காணிப்பு, ஆதிவாசிக்கு அவன் பச்சிலை போதும் என்று எழுதுகிற ஒரு போக்கு நம் சிற்றிதழ்களில் ரொம்ப நாளாக உண்டு. நானும் எழுதியிருக்கிறேன். அந்தப் பேருந்தில் அதை அந்த அம்மாவிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. 1986இல் வெளிவந்த ஒரு ஆய்வு, இந்த நோயுள்ள சிறு குழந்தைகளுக்குத் தினமும் பென்சிலின் கொடுத்தால் நிமோனியாக் கிருமியின் தொற்று 84 சதவீதம் குறைகிறது என்று காட்டியது. பென்சிலின்! எந்தக் காப்புரிமையும் இல்லாத, சில்லறைக் காசுக்குக் கிடைக்கிற மருந்து. இதைக் கண்காணிப்பு என்று சொல்லி மறுக்கிற உரிமை நமக்கு யார் கொடுத்தது? விஞ்ஞானத்தை மறுப்பதைவிட அதைக் கவனமாகப் படிப்பதுதான் அரசியல்ரீதியாகக் கூர்மையானது என்று இப்போது நினைக்கிறேன். நீர் வற்றக்கூடாது, குளிரக்கூடாது, களைத்துப்போகக்கூடாது என்று நோயியக்கமே சொல்கிறது. அப்படியானால் குடிதண்ணீர்க் குழாயும், ஒழுகாத கூரையும், கம்பளியும், வலி வந்த நாளுக்குச் சம்பளத்தோடு விடுப்பும் மருந்துச் சீட்டில் வரவேண்டியவை. மேஸ்திரியின் முகத்துக்கு நேரே நீட்டிக் காட்டக்கூடிய ஆதாரம் இது. அதை ஏன் மேற்கத்திய அறிவு என்று நாமே தூக்கிப்போட வேண்டும்?

கடைசியாக அரசின் பிரதி. 2023 ஜூலை 1இல் மத்தியப் பிரதேசத்து ஷாடோலில் பிரதமர் தொடங்கிவைத்த தேசிய அரிவாளணுச் சோகை ஒழிப்பு இயக்கம், 17 மாநிலங்களில் 40 வயது வரையிலான 7 கோடிப் பேரைப் பரிசோதிப்பது, 2047க்குள் ஒழிப்பது என்கிறது. 2025 நடுப்பகுதிக்குள் 6 கோடிக்கு மேல் பரிசோதித்தும் ஆயிற்று. விரலில் ஒரு துளி ரத்தம், சில நிமிஷத்தில் முடிவு, கையில் ஒரு அட்டை. ஆணின் அட்டையையும் பெண்ணின் அட்டையையும் கல்யாணத்துக்கு முன் பொருத்திப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஜாதகமே பார்க்காத ஜனங்களுக்குச் சர்க்கார் எழுதிக் கொடுக்கும் ஜாதகம்! சில ஆயிரம் பேரே உள்ள ஒரு சமூகத்தில், குலம் பார்த்துக் கட்டும் வழக்கமும் இருக்கும்போது, அட்டையும் பொருந்தவேண்டும் என்றால் பெண் யாரைக் கட்டுவாள்? கிரீஸில் ஒர்கோமெனோஸ் என்ற ஊரில் இதைச் செய்து பார்த்தார்கள். 1970களில் வந்த ஆய்வு சொன்னது: மரபணு உள்ளவர்கள் ஒதுக்கப்பட்டார்கள், பலர் மறைத்தே கல்யாணம் செய்துகொண்டார்கள். அமெரிக்காவில் பாலிங், அந்த மாபெரும் பாலிங், மரபணு உள்ள இளைஞர்களின் நெற்றியில் பச்சை குத்தலாம் என்று 1968இல் எழுதினார். ஆனால் அதே அமெரிக்காவில் 1971இல் கருஞ்சிறுத்தைக் கட்சிக்காரர்கள் தங்கள் மக்களுக்குத் தாங்களே இலவசமாக ரத்தப் பரிசோதனை நடத்தினார்கள், அரசு ஏன் இதுவரை கண்டுகொள்ளவில்லை என்ற கேள்வியோடு. சோதனை ஒன்றுதான். ஊசி யார் கையில், ஏடு யார் வீட்டில் என்பதில் எல்லாம் மாறிவிடுகிறது. கூடலூரில் ஆதிவாசி முன்னேற்ற சங்கத்தை ஒட்டி வளர்ந்த மருத்துவமனை இந்த நோயை வெகுகாலமாகப் பார்த்துவருகிறது. அங்கே செவிலியராக இருப்பவர்களில் ஆதிவாசிப் பெண்கள் உண்டு. 'ஒழிப்பு' இயக்கம் வருவதற்கு நெடுநாள் முன்பே நடந்த காரியம் இது. நம் இலக்கியக் கூட்டங்களில் அதைப் பற்றி யாரும் பேசிக் கேட்டதில்லை.

2025 நவம்பரில் டெல்லியில் இந்தியாவின் சொந்த கிரிஸ்பர் சிகிச்சையை அறிவித்தார்கள். பெயர் பிர்சா 101. நிலத்துக்காக வெள்ளையரை எதிர்த்துச் சிறையில் செத்த பிர்சா முண்டாவின் பெயர். அமெரிக்க விலையில் சிறு பங்குக்குக் கிடைக்கும் என்கிறார்கள். கிடைக்கட்டும், கிடைத்தால் முதலில் வரவேற்கிறவன் நான். ஊட்டிப் பேருந்து நிலையத்தில் அந்தப் பையனால் இறங்கி நிற்க முடியவில்லை. தண்ணீர் குடிக்கிறியாப்பா என்றதற்கு, "சுடுதண்ணி கிடைக்குமா சார்?" என்றான். டீக்கடையில் வாங்கிக் கொடுத்தேன். ஆட்டோவில் ஏறும்போது அந்த அம்மா என்னிடம் கேட்டது, திரும்பிப் போக ராத்திரி கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பது.