வடிவ நினைவு உலோகங்களின் மின்மெருகேற்றம்: நிறையும் குறையும்

நிக்கலும் டைட்டானியமும் ஏறத்தாழச் சம அணு விகிதத்தில் கலந்த நிட்டினால், உருக்குலைந்த பின்னும் வெப்பம் பெற்றதும் பழைய வடிவத்தை மீட்பதால், வடிவ நினைவு உலோகக்கலவை எனப்படுகிறது. சுருக்கிச் செலுத்தப்பட்டு இரத்தக்குழாய்க்குள் தானே விரியும் ஸ்டென்ட்டுகளுக்கு அதுவே ஆதாரம். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம், பெங்களூருவிலுள்ள தேசிய வான்வெளி ஆய்வகத்தின் ஒத்துழைப்புடன் நிட்டினாலில் உருவாக்கிய இதய இடைச்சுவர்த் துளையடைப்பான், மூளை இரத்தக்குழாய் ஸ்டென்ட் ஆகிய இரண்டின் தொழில்நுட்பம் 2021இல் புனே நிறுவனம் ஒன்றுக்கு வழங்கப்பட்டதால், இவ்வுலோகத்தின் மேற்பரப்பை எப்படிச் சீர்செய்வது என்பது இந்தியத் தொழில்துறையின் கேள்வியாகவும் ஆகிவிட்டது.

அதற்கான முதன்மை வழி மின்மெருகேற்றம். உலோகத் துண்டை நேர்மின்வாயாக்கி அமிலக் கரைசலில் அமிழ்த்தி மின்சாரம் செலுத்தினால், மேற்பரப்பின் மேடுகள் பள்ளங்களைவிட விரைந்து கரைய, பரப்பு சமனாகிறது. இதன் உண்மையான பயன் பளபளப்பு அன்று. வடிவத்தைப் பதிப்பதற்காக ஏறத்தாழ 500 டிகிரி செல்சியஸில் சூடாக்கும்போது தடித்த ஆக்சைடும் அதனடியில் நிக்கல் மிகுந்த அடுக்கும் உருவாகின்றன. அவ்வடுக்கு அரிக்கப்பட்டால், பலருக்கு ஒவ்வாமை தரும் நிக்கல் உடலுக்குள் கசியும். மின்மெருகேற்றம் இரண்டையும் அகற்றி, சில நானோமீட்டர் தடிமனில், பெரும்பாலும் டைட்டானியம் ஆக்சைடாலான காப்புப் படலம் உருவாக இடந்தருகிறது. லேசர் வெட்டு விட்டுச்செல்லும் உருகிய விளிம்புகளும் நுண்விரிசல்களும் அகல்வதால், ஒவ்வொரு நாடித்துடிப்பிலும் வளைந்து நிமிரும் கம்பிகள் முறியும் வாய்ப்பும் குறைகிறது.

ஆயினும், மூல உலோகத்தின் குறையை இம்முறையால் திருத்த இயலாது. உருக்கும்போது நுழைந்த டைட்டானியம் கார்பைடு, ஆக்சைடு துகள்கள் உலோகத்துக்குச் சமமாகக் கரைவதில்லை. மெருகேற்றும்போது அவை மேற்பரப்பில் துருத்தி நிற்கலாம், அல்லது உதிர்ந்து குழிகளை விட்டுச்செல்லலாம். விரிசல் தொடங்குவதற்கு இரண்டுமே போதும். அளவு இழப்பு மற்றொரு குறை. பட்டையின் வளைவு விறைப்பு தடிமனின் மும்மடியைப் பொறுத்திருப்பதால், தடிமன் 10 சதவீதம் குறைந்தால் விறைப்பு ஏறத்தாழ 27 சதவீதம் குறைகிறது. விளிம்புகள் விரைந்து கரைவதால் இந்த இழப்பு எங்கும் சீராகவும் இருப்பதில்லை.

மிகப் பெரிய விலை அமிலத் தொட்டியில் இருக்கிறது. நிட்டினாலுக்குப் பயன்படும் கரைசல்களில் பெர்குளோரிக் அமிலமும் அசிட்டிக் அமிலமும் கலந்ததும், கந்தக அமிலமும் மெத்தனாலும் கலந்ததும் குறிப்பிடத்தக்கவை. 1947 பிப்ரவரியில் லாஸ் ஏஞ்சலிஸில், அலுமினியத்தை மெருகேற்றவிருந்த பெர்குளோரிக் அமிலக் கலவை வெடித்து 17 பேர் இறந்தது இத்தொழில் மறக்கக்கூடாத பாடம். பயன்படுத்திய கரைசலில் நிக்கலும் சேர்ந்திருக்கும். நவி மும்பையின் கோபர்கைரனேயை ஒட்டி, தானே–பேலாப்பூர் சாலை நெடுக விரிந்துள்ள தொழிற்பேட்டை போன்ற இடத்தில் இத்தொழில் வேரூன்றுமானால், இக்கழிவின் கணக்கு அங்கேயே எழும். பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் நுண்ணுயிர்கள் கரிமப் பொருளைச் சிதைக்கும். நிக்கலை அழிக்க அவற்றால் முடியாது. அது கசடில் தங்கும், அல்லது நீரோடு வெளியேறும். 2022இல் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட தானே கழிமுகம் அருகிலிருக்க, நிக்கலைத் தோன்றுமிடத்திலேயே பிரித்தெடுப்பது கட்டாயக் கடமையாகிறது.

எனவே மின்மெருகேற்றம் கைவிடத்தக்கதன்று. ஆனால் தனித்துப் புகழத்தக்கதும் அன்று. தூய மூல உலோகம் முன்னும், நைட்ரிக் அமிலச் செயலறுப்பு போன்ற படலத்தை உறுதிசெய்யும் படி பின்னும் அமைந்தால்தான் அது பலன் தரும். கருவியை ஏற்பதா மறுப்பதா என்பதைக் கண்ணுக்குத் தெரியும் மினுக்கு முடிவுசெய்யலாகாது. அரிப்புத் தடைச் சோதனையும், நிக்கல் கசிவு அளவீடும், மீண்டும் மீண்டும் வளைத்துப் பார்க்கும் களைப்புச் சோதனையுமே முடிவுசெய்ய வேண்டும். நோயாளியின் உடலுக்குள் நிக்கல் கசியாமல் தடுக்கும் தொழில், அதே நிக்கலைத் தொழிலாளியின் நுரையீரலுக்கும் ஊரின் நீருக்கும் அனுப்பாதபோதுதான் முழுமையான மருத்துவத் தொழிலாகும்.